பூட்டிய வீட்டில் திருட்டு: நாலு நாள் ஊருக்குப் போய்த் திரும்பிய அனுபவமும் சில கேள்விகளும்

காவிரிக்கரையான் (திருச்சி)
5 ஆகஸ்ட் 2025, இரவு 9.40

வணக்கம். இரண்டு நாளாக எழுத உட்கார்ந்து, முடியாமல் எழுந்துவிட்டேன். இப்போதாவது எழுதி முடிக்கிறேன்.

போன வியாழக்கிழமை விடியற்காலை குடும்பத்தோடு சிவகங்கைப் பக்கம் உள்ள குலதெய்வக் கோவிலுக்குக் கிளம்பினோம். ஆடிப்பெருக்கு அன்று இரவு பதினோரு மணிக்கு வீடு திரும்பினோம். முன் கேட்டில் பூட்டு அப்படியே தொங்குகிறது. வாசல் கதவும் பூட்டியபடியே இருக்கிறது. திறந்து உள்ளே போனால் பீரோ திறந்து கிடக்கிறது, துணியெல்லாம் தரையில். என் மனைவி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

வந்தவர்கள் முன்பக்கத்தைத் தொடவே இல்லை. பக்கத்தில் காலி மனை. அதன் சுவரில் ஏறி, சன்ஷேடில் கால் வைத்து மொட்டை மாடிக்குப் போயிருக்கிறார்கள். மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு பிவிசி கதவுதான் போட்டிருந்தேன். அதை நெம்பித் திறந்திருக்கிறார்கள். நெம்பிய கடப்பாரை என்னுடையது. மோட்டார் அறைக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தேன்.

போனது 14 பவுன், 38,000 ரூபாய் ரொக்கம், மகளின் லேப்டாப். அந்த 14 பவுனில் அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியும் உண்டு. அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. பீரோ சாவி வழக்கம்போல அடுத்த அலமாரியில் புடவை மடிப்புக்குள் இருந்தது. அதைத் தேடி எடுத்துத்தான் திறந்திருக்கிறார்கள்.

ஒரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. ஊருக்குப் போவதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால்தானே நாலு பேருக்குத் தெரியும் என்று நினைத்தேன். வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் போனேன். எதிர்வீட்டுப் பெரியவர் இப்போது சொல்கிறார்: "நீங்க ஊர்ல இல்லைன்னு எங்களுக்குத் தெரியாதே தம்பி. ராத்திரி மாடியில சத்தம் கேட்டுச்சு. நீங்கதான் ஏதோ தட்டுறீங்கன்னு நினைச்சோம்."

ஆக, திருடனுக்குத் தெரிந்திருக்கிறது. எதிர்வீட்டுக்குத் தெரியவில்லை.

இனி என்ன செய்யலாம்? மாடிக் கதவுக்கு என்ன போடுவது? கேமரா வைத்தால் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


மாடிவீடு (சென்னை)
5 ஆகஸ்ட் 2025, இரவு 10.05

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அண்ணா. அண்ணிக்கு ஆறுதல் சொல்லுங்கள். வீட்டில் ஆள் இல்லாதபோது நடந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை முதலில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேமரா வைத்துவிடுங்கள். போனிலேயே பார்க்கலாம்.


பூட்டுக்கடை (திண்டுக்கல்)
6 ஆகஸ்ட் 2025, காலை 7.15

முப்பது வருடமாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது தெருவே சந்தோஷப்பட்டது. ஆனாலும் கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: பூட்டை உடைத்துத் திருடுகிறவன் குறைவு. பூட்டு மாட்டியிருக்கிற இடத்தைத்தான் பெயர்க்கிறார்கள்.

ஆயிரம் ரூபாய்க்கு எட்டு லிவர் பூட்டு வாங்குவார்கள். அதைத் தகடு மாதிரி இருக்கிற ஒரு கொண்டியில் மாட்டுவார்கள். அந்தக் கொண்டியை அரை அங்குல ஸ்க்ரூ நாலு பிடித்துக்கொண்டிருக்கும். கம்பியை உள்ளே விட்டு ஒரு நெம்பு நெம்பினால் ஸ்க்ரூ மரத்தோடு வந்துவிடும். பூட்டு பூட்டியபடியே கீழே கிடக்கும். இப்படிக் கிடந்த பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "உங்க பூட்டு சரியில்லை" என்று கடைக்கு வந்தவர்கள் பலர்.

கொண்டி, நாதாங்கி எல்லாம் கதவை ஊடுருவிப் போகிற போல்ட் போட்டு, உள்பக்கம் நட்டு வைத்து முடுக்க வேண்டும். நிலையில் போடுகிற ஸ்க்ரூ மூன்று அங்குலமாவது உள்ளே இறங்க வேண்டும். பூட்டின் வளையம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அறுப்பது சுலபம். வளையம் மறைந்திருக்கிற மாதிரிப் பூட்டு கேட்டு வாங்குங்கள்.

வாசல் கதவுக்கு வெளிப்பூட்டே வேண்டாம் என்பேன். கதவுக்குள் புதைந்திருக்கிற மார்டைஸ் பூட்டு, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினால் நாக்கு நன்றாக வெளியே வருகிற மாதிரி போடுங்கள். வெறும் நைட் லாட்ச்சை இழுத்துச் சாத்திவிட்டுப் போகாதீர்கள். அதன் நாக்கு ஸ்பிரிங்கில் நிற்பது, தள்ளினால் உள்ளே போய்விடும்.

வெளியே பூட்டு தொங்குவதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. தெருவில் நடக்கிறவனுக்கு அது "உள்ளே ஆள் இல்லை" என்று சொல்கிறது. கிரில் கேட் இருந்தால் அதன் பூட்டை, கம்பிக்குள் கைவிட்டு உள்பக்கமாகப் பூட்டுங்கள். வீட்டில் இருக்கும்போதும் அப்படித்தானே பூட்டுகிறோம்? இருக்கிற நாளும் இல்லாத நாளும் வெளியே ஒரே மாதிரி தெரியும்.

இப்போது உங்கள் மாடிக் கதவு. நம் ஊரில் எல்லா வீட்டிலும் இதே கதைதான் தம்பி. வாசலுக்குத் தேக்கு, கஜலட்சுமி சிற்பம், பித்தளைக் குமிழ். கொல்லைக் கதவும் மாடிக் கதவும் மட்டும் கிடைத்த பலகை. பழைய வீடுகளில் கதவுக்குப் பின்னால் குறுக்கே கணையமரம் போடுவார்கள். சுவரில் இரண்டு பக்கமும் குழி இருக்கும். அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். கொல்லைக் கதவு, மாடிக் கதவு இரண்டையும் உள்ளிருந்துதான் சாத்துகிறோம். நீங்கள் வெளியேறுவது முன்வாசல் வழியாக. அதனால் இந்த இரண்டுக்கும் பூட்டே தேவையில்லை. சுவரில் இரும்புக் கொக்கி பதித்து, குறுக்கே ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய் ஒன்றை மாட்டிவிடுங்கள். கதவு பெயர்ந்தாலும் குழாய் நிற்கும். வெல்டிங் பட்டறையில் சொன்னால் ஒரே நாளில் செய்து தருவார்கள். பிவிசி கதவைக் கழற்றிவிட்டு இரும்புச் சட்டத்தில் தகடு அடித்த கதவு போடுங்கள்.

கடப்பாரை, ஏணி, மண்வெட்டி மூன்றும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். ஏணியை உள்ளே வைக்க முடியாவிட்டால் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள்.


கேமராக்கண் (கோவை)
6 ஆகஸ்ட் 2025, காலை 11.30

மாடிவீடு எழுதியது:
"கேமரா வைத்துவிடுங்கள். போனிலேயே பார்க்கலாம்."

கேமரா பொருத்துவதுதான் என் தொழில். இருந்தாலும், கேமரா மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். கேமரா தடுக்காது, காட்டும். அதுவும் சரியாக வைத்தால்தான்.

நான் பார்க்கிற தவறுகளைச் சொல்கிறேன். முதலாவது மின்சாரம். நம் வீடுகளில் மீட்டர் பெட்டியும் மெயினும் வெளியே, கேட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கினால் போதும், கேமரா, வைஃபை எல்லாம் போச்சு. திருடன் பிடுங்காவிட்டாலும், ஊருக்குப் போகும்போது வீட்டுக்காரரே மெயினை அணைத்துவிட்டுப் போகிறார். "நாலு நாளா கேமரா வேலை செய்யலை" என்று எனக்கு வருகிற புகாரில் நிறைய இதுதான். இன்வெர்ட்டர் லைனில் கேமராவையும் ரவுட்டரையும் கொடுங்கள். இன்வெர்ட்டர் இல்லையென்றால் ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது.

இரண்டாவது, பதிவாகிற பெட்டி. டிவிக்குப் பக்கத்தில் பளிச்சென்று வைத்தால் போகும்போது அதையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பரணில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் காற்றோட்டமாக வையுங்கள். முடிந்தால் கிளவுடிலும் பதிவாகட்டும்.

மூன்றாவது உயரம். பதினைந்து அடி உயரத்தில் வைத்தால் தொப்பியும் உச்சந்தலையும்தான் தெரியும். மொத்த முற்றமும் தெரிய ஒன்று உயரத்தில் இருக்கட்டும். கேட் பக்கமும் மாடிப்படியிலும் ஏழெட்டு அடி உயரத்தில், முகம் விழுகிற மாதிரி ஒவ்வொன்று வேண்டும். மாதம் ஒரு முறை லென்ஸைத் துடையுங்கள். சிலந்தி வலை கட்டினால் இரவில் அகச்சிவப்பு வெளிச்சம் அதில் பட்டு, படம் முழுக்க வெள்ளையாகிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஆள் நடமாட்டம் தெரிந்தால் வருகிற அறிவிப்பு யார் போனுக்குப் போகிறது என்பது. உங்கள் போனுக்கு மட்டும் வந்தால், இரவு இரண்டு மணிக்கு சிவகங்கையில் தூங்கிக்கொண்டிருக்கிற நீங்கள் என்ன செய்வீர்கள்? உள்ளூரில், ஐந்து நிமிடத்தில் வீட்டுக்கு முன்னால் வந்து நின்று சத்தம் போடக்கூடிய ஒருவர் போனிலும் அந்தச் செயலி இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் கேமராவுக்குச் செலவழிக்கிற பணத்தை மாடிக் கதவுக்குச் செலவழியுங்கள்.


கோலமயில் (கும்பகோணம்)
6 ஆகஸ்ட் 2025, மதியம் 2.20

தம்பி, உங்கள் அம்மாவின் சங்கிலி பற்றிப் படித்ததும் மனசு கனத்துவிட்டது.

நான் சொல்வது சின்ன விஷயம்தான். நம் தெருக்களில் வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று பார்க்க எட்டிப் பார்க்கவே வேண்டாம். காலை ஏழு மணிக்குத் தெருவில் ஒரு நடை நடந்தால் போதும். எந்த வாசலில் தண்ணீர் தெளிக்கவில்லை, எதில் நேற்றைய கோலம் கலைந்து கிடக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டாம் நாளும் அப்படியே இருந்தால் வீடு காலி. கோல ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் இதே கதைதான். வாசல் ஈரமில்லாமல், சருகு சேர்ந்து கிடப்பது தெரியும்.

நீங்கள் வாசல் விளக்கு என்று எழுதினீர்களே, அதுவும் இப்படித்தான். இரவில் எரிந்தால் சரி, பகல் பன்னிரண்டு மணிக்கும் எரிந்தால் அணைக்க ஆள் இல்லை என்றுதானே அர்த்தம்? இருட்டினால் தானே எரிந்து விடிந்தால் அணைகிற பல்பு கடையில் கிடைக்கிறது. அதைப் போடுங்கள்.

எதிர்வீட்டு மாமி போன வருடம் காசிக்குப் போனார்கள். ஒன்பது நாள். நான், அடுத்த வீட்டு அக்கா, மூலைவீட்டுப் பெண் மூன்று பேரும் முறை வைத்துக்கொண்டு வாசல் தெளித்துக் கோலம் போட்டோம். பால் பையை நாங்கள் எடுத்தோம். பேப்பரை எடுத்தோம். மாலையில் உள்ளே போய் ஒரு அறையில் விளக்குப் போட்டுவிட்டு, படுக்கப் போகும்முன் வந்து அணைத்தோம். மாமி போகும்போது சாவியை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் ரயில் ஏறினார்கள்.


மாடிவீடு (சென்னை)
6 ஆகஸ்ட் 2025, மதியம் 3.10

கோலமயில் அக்கா, கிராமத்திலும் பழைய தெருவிலும் அது நடக்கும். எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே எனக்குத் தெரியாது. பால்காரர், பேப்பர்காரர் இரண்டு பேரிடமும் நாலு நாள் வேண்டாம் என்று சொல்லி நிறுத்திவிடுவேன். அது போதாதா?


கோலமயில் (கும்பகோணம்)
6 ஆகஸ்ட் 2025, மதியம் 3.45

அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும் தம்பி. ஆனால் அவர்கள் போகிற இடமெல்லாம் "அந்த வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வரை போட வேண்டாம்" என்ற பேச்சும் கூடவே போகும். பால் வரட்டும், பேப்பர் வரட்டும், எடுக்க ஒருவர் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது என்றால் இன்று மாலை கதவைத் தட்டிக் கேளுங்கள். செருப்பு ஸ்டாண்டில் எல்லாச் செருப்பையும் உள்ளே எடுத்து வைக்காமல் இரண்டு ஜோடியை வெளியே விட்டுவிட்டுப் போங்கள்.


ஓய்வுபெற்ற ஏட்டு (மதுரை மாவட்டம்)
6 ஆகஸ்ட் 2025, இரவு 8.00

காவல்துறையில் 34 வருடம். அதில் குற்றப்பிரிவில் மட்டும் 11 வருடம். தம்பிக்குச் சில விஷயங்கள்.

ஊருக்குப் போவதை யாரிடமும் சொல்லாமல் இருப்பது பாதுகாப்பு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சொல்லக்கூடாதது ஊருக்கு, அதாவது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கோவில் கோபுரத்தோடு படம் போடுவது மாதிரி. அதை வந்தபிறகு போடலாம். சொல்ல வேண்டியது இரண்டு பேரிடம்: நம்பிக்கையான ஒரு அண்டை வீடு, உங்கள் காவல் நிலையம்.

நிலையத்துக்குப் போக மக்களுக்குத் தயக்கம். ஒரு வெள்ளைத் தாளில் முகவரி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, உங்கள் போன் எண், சாவி யாரிடம் இருக்கிறது, எந்த வண்டி உள்ளே நிற்கிறது என்று எழுதிக் கொடுங்கள். பீட் போகிறவர்கள் கையெழுத்துப் போடுகிற பட்டா புத்தகம் என்று ஒன்று உண்டு. வங்கி, கோவில், நகைக்கடைப் பக்கம் பார்த்திருப்பீர்கள். பூட்டிய வீடுகளிலும் வைப்போம். இரவு ரோந்தில் அந்த இடத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாக வேண்டும். உங்கள் வீட்டுக்கும் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். தினமும் ஒரு போலீஸ்காரர் உங்கள் கேட்டுக்கு முன்னால் நிற்பார். நோட்டம் பார்க்க வருகிறவன் அதையும் பார்ப்பான்.

நோட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு ஃப்ளெக்ஸ் வைக்கிறோம். மண்டபம் எது, வரவேற்பு எத்தனை மணிக்கு என்று எல்லாம் அதில் இருக்கும். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் வீட்டு முகவரி, கருமாதி எந்த ஆற்றங்கரையில், எத்தனை மணிக்கு என்று இருக்கும். அந்த நேரத்தில் வீட்டில் ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்று நாமே எழுதி ஒட்டுகிறோம். முன்பெல்லாம் பந்தலுக்குப் போனாலும் வயதான ஒருவர் வீட்டுக் காவலுக்கு இருப்பார். அதை விட்டுவிடாதீர்கள். அதுவும் கல்யாணத்துக்கென்று லாக்கரிலிருந்து எடுத்த நகை பத்து நாள் பீரோவில் இருக்கிற சமயம்.

சாவி. புடவை மடிப்பு, பீரோவின் தலை, பூஜை அறை, அரிசி டிரம். எல்லா வீட்டிலும் இதே நாலு இடம்தான். வாசல் சாவிக்குப் பூந்தொட்டி, செருப்பு ஸ்டாண்ட், மீட்டர் பெட்டி. பீரோ சாவியை ஊருக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள்.

வந்து பார்க்கும்போது வீடு உடைந்திருந்தால் உள்ளே போகவே கூடாது. ஆள் இன்னும் உள்ளே இருக்கலாம். கேட்டுக்கு வெளியே நின்று 100 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். விரல் ரேகை எடுக்கிறவர்கள் வரும்வரை பீரோ, கதவு, தம்ளர் எதையும் தொடாதீர்கள். தம்ளர் என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனவர்களை அந்தத் தம்ளரை வைத்தே பிடித்திருக்கிறோம்.

தம்பி, உங்களுக்கு எஃப்ஐஆர் (முதல் தகவல் அறிக்கை) போட்டுக் கொடுத்தார்களா, புகார் வாங்கியதற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டுமா?


காவிரிக்கரையான் (திருச்சி)
6 ஆகஸ்ட் 2025, இரவு 9.15

ஐயா, சிஎஸ்ஆர் மட்டும்தான். விசாரித்துவிட்டு எஃப்ஐஆர் போடுவதாகச் சொன்னார்கள். உள்ளே போய் எல்லாவற்றையும் தொட்டுவிட்டோம், அதுவும் தவறு என்று இப்போது புரிகிறது.

எல்லாருக்கும் நன்றி. பூட்டுக்கடை அண்ணன் சொன்ன குறுக்குக் குழாயைப் பட்டறையில் சொல்லிவிட்டேன்.


ஓய்வுபெற்ற ஏட்டு (மதுரை மாவட்டம்)
6 ஆகஸ்ட் 2025, இரவு 9.50

நாளைக் காலையே போய் மரியாதையாக எஃப்ஐஆர் கேளுங்கள். கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் கொடுத்தால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம். வீட்டில் புகுந்து திருடினால் பாரதிய நியாய சன்ஹிதா 305, 331 பிரிவுகள் வரும். எஃப்ஐஆர் நகலை உங்களுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால், அதை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-வது பிரிவின்படி மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். பெரும்பாலும் அதுவரை போகாது, நேரில் கேட்டாலே போடுவார்கள்.

நகைப் பட்டியலை உட்கார்ந்து நிதானமாக எழுதுங்கள். "சுமார் 14 பவுன்" என்று எழுதாதீர்கள். ஒவ்வொன்றும் என்ன வடிவம், எத்தனை கிராம், எங்கே ஒடுக்கு, எந்தக் கல் விழுந்திருக்கிறது. கல்யாண ஆல்பத்தில் அந்த நகை போட்ட படம் இருந்தால் அதை இணையுங்கள். நாளை மீட்கப்பட்டால் "இது என்னுடையது" என்று காட்ட அதுதான் வேண்டும். கூட்டியும் எழுதாதீர்கள், குறைத்தும் எழுதாதீர்கள்.


நெல்லைக்காரன்
7 ஆகஸ்ட் 2025, காலை 10.10

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2023 ஏப்ரல் முதல் கடையில் விற்கிற ஹால்மார்க் நகையில் எச்யுஐடி என்று ஆறு இலக்க எண் கண்டிப்பாக இருக்க வேண்டும். எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும். பில்லோடு சேர்த்து அதையும் படம் எடுத்து வீட்டுக்கு வெளியே ஒரு இடத்தில், மெயிலில் என்றாலும் சரி, வைத்துக்கொள்ளுங்கள். பழைய நகைக்கு அது இருக்காது. அதற்கு ஒரு தராசுப் படமும் நகையின் படமும் போதும். பில்லை பீரோவுக்குள்ளேயே நகையோடு வைப்பதால் பயனில்லை.

காப்பீடு பற்றியும் யாரும் சொல்லவில்லை. வீட்டுக் கடன் வாங்கும்போது வங்கி எடுக்கச் சொல்லும் பாரத் கிரஹ ரக்ஷா பாலிசி இருக்கிறதே, 2021 ஏப்ரலில் வந்தது, அது தீ, வெள்ளம், புயல் மாதிரியானவற்றுக்குத்தான். திருட்டு என்றால், அப்படி ஒரு விபத்து நடந்து அதன் காரணமாக ஏழு நாளுக்குள் நடக்கிற திருட்டு மட்டும். உங்கள் வீட்டில் நடந்த மாதிரித் திருட்டுக்குத் தனியாக பர்க்லரி பாலிசி எடுக்க வேண்டும். நகைக்கு அதிலும் தனியாக மதிப்புக் குறிப்பிட வேண்டும். வீடு எத்தனை நாள் தொடர்ந்து பூட்டியிருந்தால் பாலிசி செல்லாது என்ற வரியையும் தேடிப் படியுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அது மிகவும் முக்கியம்.

லாக்கர். நகையை அங்கே வையுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அங்கேயும் ஒரு வரம்பு உண்டு. ரிசர்வ் வங்கி விதி 2022 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது. திருட்டு, தீ, ஊழியர் மோசடி போன்றவற்றால் லாக்கரில் இருந்தது போனால் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்குவரை வங்கி பொறுப்பு. 3,000 ரூபாய் வாடகை என்றால் 3 லட்சம். இன்றைய பவுன் விலைக்கு அது நாலைந்து பவுனுக்குக்கூடக் காணாது. இருந்தாலும் பிவிசி கதவுக்குப் பின்னால் இருப்பதைவிட அங்கே இருப்பது எவ்வளவோ மேல்.


வளைகுடாவாசி (ஷார்ஜா)
7 ஆகஸ்ட் 2025, மாலை 6.30

காப்பீட்டு விஷயத்துக்கு நன்றி. இப்போதே என் பாலிசியை எடுத்துப் படித்தேன். 30 நாள் என்று போட்டிருக்கிறது. தஞ்சாவூரில் என் வீடு வருடத்தில் பதினோரு மாதம் பூட்டித்தான் கிடக்கிறது. இத்தனை வருடமாக பிரீமியம் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தேன்.

போன விடுமுறைக்குப் போனபோது கேட்டில் விளம்பரத் தாள்கள், வீட்டு வரி நோட்டீஸ், யாரோ சொருகிவிட்டுப் போன ஒரு கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கட்டு இருந்தது. கல்யாணமே முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. போர்டிகோவில் ஒரு விரற்கடை தூசி. இப்படிப்பட்ட வீட்டுக்கு என்ன செய்வது?


பூட்டுக்கடை (திண்டுக்கல்)
7 ஆகஸ்ட் 2025, இரவு 7.50

ஆள் குடிவையுங்கள் தம்பி. வேறு வழியில்லை. மாடியிலோ பின்கட்டிலோ ஒரு சின்னக் குடும்பத்துக்குக் குறைந்த வாடகைக்கு விடுங்கள். ஒப்பந்தம் எழுதிக்கொண்டு விடுங்கள். பதினோரு மாதம் மூடிக் கிடக்கிற வீட்டுக்கு எந்தப் பூட்டும் பொறுப்பேற்காது. வந்தவனுக்கு அவசரமே இல்லை, ஒரு வாரம் உட்கார்ந்துகூட உடைப்பான். பூட்டும் குறுக்குக் கம்பியும் செய்வதெல்லாம் அவனுக்கு நேரத்தையும் சத்தத்தையும் கூட்டுவதுதான். அந்தச் சத்தத்தைக் கேட்க ஒரு காது வேண்டும்.


தோட்டத்துவீடு (ஈரோடு மாவட்டம்)
8 ஆகஸ்ட் 2025, காலை 6.20

கடைசி வரியைப் படித்துவிட்டு எழுதுகிறேன். எங்களுக்கு அந்தக் காதுதான் இல்லை.

எங்கள் பக்கம் தோட்டத்துக்குள் வீடு. அடுத்த வீடு கால் கிலோமீட்டருக்கு அப்பால். பிள்ளைகள் வெளியூரில். 2024 நவம்பரில் பல்லடம் பக்கத்திலும், 2025-ல் சிவகிரி பக்கத்திலும் தோட்டத்து வீட்டில் இருந்தவர்களைக் கொலை செய்ததை எல்லாரும் படித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு இருட்டினால் எங்கள் அம்மா கதவைத் திறப்பதில்லை. எங்களுக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிற கவலையைவிட, வீட்டுக்குள் பெரியவர்களை விட்டுவிட்டுப் போகிற கவலைதான் அதிகம்.

நாங்கள் செய்திருப்பது: நகை ஒரு குந்துமணிகூட வீட்டில் இல்லை, அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். அது அக்கம்பக்கம் எல்லாருக்கும் தெரியும்படி நாங்களே சொல்லி வைத்திருக்கிறோம். ஆள் நடந்தால் எரிகிற விளக்கு நாலு மூலையிலும். இரண்டு நாட்டு நாய்கள். கையில் கொண்டுபோகிற பொத்தான் ஒன்று, அழுத்தினால் கூரையில் சைரன் அலறும். சத்தம் ஒரு மைல் கேட்கும். சைரன் கேட்டால் சுற்றியுள்ள ஆறு தோட்டத்துக்காரர்களும் டார்ச்சோடு கிளம்பி வர வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். இரண்டு முறை சோதனை செய்தும் பார்த்தோம். முதல் முறை வந்துசேர ஒன்பது நிமிடம் ஆனது, இரண்டாவது முறை ஐந்து.

யாராவது உள்ளே வந்துவிட்டால் எதையும் தடுக்க வேண்டாம், கேட்டதைக் கொடுத்துவிடுங்கள் என்று அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.


கோலமயில் (கும்பகோணம்)
8 ஆகஸ்ட் 2025, காலை 8.05

அம்மாவை நாங்கள் கேட்டதாகச் சொல்லுங்கள் தம்பி.


காவிரிக்கரையான் (திருச்சி)
10 ஆகஸ்ட் 2025, இரவு 10.30

எஃப்ஐஆர் வியாழக்கிழமை போட்டுவிட்டார்கள். ஏட்டு ஐயாவுக்கு நன்றி. கல்யாண ஆல்பத்தையே எடுத்துப் போனேன்.

இன்னொன்று. எங்கள் இடது பக்கத்து வீட்டுக்காரரோடு ஒன்றரை வருடமாகப் பேச்சு இல்லை. மாமரக் கிளை அவர் பக்கம் போனதில் ஆரம்பித்த வாக்குவாதம். அவர் வீட்டில் கேமரா இருக்கிறது, காலி மனையைப் பார்த்தபடி. கேட்கவே கூச்சமாக இருந்தது. கோலமயில் அக்கா "கதவைத் தட்டிக் கேளுங்கள்" என்று வேறு யாருக்கோ எழுதியதைப் படித்துவிட்டு நேற்றுப் போய்த் தட்டினேன். ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். வெள்ளி இரவு 2.10-க்கு ஒரு பைக் வந்து காலி மனை ஓரம் நிற்கிறது, இரண்டு பேர். 2.55-க்குக் கிளம்புகிறது. பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். நிலையத்தில் சேர்த்துவிட்டேன்.

"நீங்க ஊருக்குப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எழுந்து பார்த்திருப்பேன் சார்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.


கேமராக்கண் (கோவை)
11 ஆகஸ்ட் 2025, காலை 9.00

அந்தப் பதிவு சீக்கிரம் அழிந்துவிடும். புதிய பதிவு பழையதன்மேல் ஏறிவிடும். மூல ஹார்ட் டிஸ்கை போலீஸ் கேட்டால் கொடுக்கச் சொல்லி அவரிடம் இப்போதே பேசி வையுங்கள்.


காவிரிக்கரையான் (திருச்சி)
19 நவம்பர் 2025, இரவு 8.45

மூன்று மாதத்துக்குப் பிறகு வருகிறேன். இரண்டு பேரும் வேறொரு ஊரில் பிடிபட்டார்கள். பைக் எண்ணின் பாதி அந்தப் பதிவில் தெரிந்திருக்கிறது. அடகு வைத்திருந்ததில் ஐந்தரைப் பவுன் மீட்டிருக்கிறார்கள். மற்றதை உருக்கிவிட்டார்கள். நகை நீதிமன்றத்தில் இருக்கிறது. வழக்கு முடியும்வரை கிடைக்காது என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா ஐயா?


ஓய்வுபெற்ற ஏட்டு (மதுரை மாவட்டம்)
19 நவம்பர் 2025, இரவு 9.30

இல்லை தம்பி. வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், சொத்தை இடைக்காலமாக ஒப்படைக்கக் கேட்டு மனு போடுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 451-வது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 497. நகையைப் படம் எடுத்து, எடை குறித்து, நீங்கள் பத்திரம் எழுதிக் கொடுத்தால் ஒப்படைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் வழிகாட்டியிருக்கிறது. விசாரணை முடியும்வரை விற்கவோ உருக்கவோ கூடாது, கேட்கும்போது காட்ட வேண்டும். எஃப்ஐஆர் நகல், நீங்கள் எழுதிய பட்டியல், ஆல்பப் படம் மூன்றையும் வக்கீலிடம் கொடுங்கள். நிலையத்தில் அடையாளம் காட்டிவிட்டீர்களா?


காவிரிக்கரையான் (திருச்சி)
19 நவம்பர் 2025, இரவு 9.55

காட்டிவிட்டோம் ஐயா. ஐந்தரைப் பவுனில் அம்மாவின் சங்கிலி இருக்கிறது. கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணி மட்டும் நிறம் வேறாக இருக்கும், அம்மா காலத்திலேயே பற்றவைத்தது. அதைப் பட்டியலில் எழுதியிருந்தேன். மனைவி பார்த்தவுடன் சொல்லிவிட்டாள்.

மனு போட நாளையே வக்கீலைப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை திருப்பதி போகிறோம், மூன்று நாள். நிலையத்தில் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. மாடிக் கதவுக்குக் குழாய் போட்டாகிவிட்டது. சாவி இடது பக்கத்து வீட்டில்.


கோலமயில் (கும்பகோணம்)
20 நவம்பர் 2025, காலை 6.40

வாசல் தெளிக்க அவர் வீட்டில் சொல்லிவிட்டீர்களா?


காவிரிக்கரையான் (திருச்சி)
20 நவம்பர் 2025, காலை 7.10

சொல்லிவிட்டேன் அக்கா. மூன்று நாளும் அவர் மகள் கோலம் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். கோலமாவு டப்பாவை இன்று கொடுத்துவிடுவேன்.